ஊளை யாருக்கு, எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கால்பந்து நடுவராகப் பல வருடம் மைதானத்தில் ஓடியவன் நான். இரண்டு பக்கத்துக் கூட்டமும் மாறி மாறித் திட்டும் வேலை அது. பிடிக்காதபோது ரசிகர்கள் "ஊஊ" என்று கத்துகிறார்களே, அந்த ஊளைச் சத்தத்தைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. முடிந்த அளவுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாலு வயது. ஒரு கால்பந்துப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரர் பந்தைக் கோட்டைவிட்டதும் கூட்டத்தோடு சேர்ந்து அவனும் "ஊஊ" என்று கத்தினான். அதட்டி உட்கார வைத்தேன். "டிக்கெட் வாங்கித்தானேப்பா வந்திருக்கோம்? கைதட்ட உரிமை இருந்தா இதுக்கும் இருக்கு" என்கிறான். என்ன பதில் சொல்ல? (ஒரு தந்தை)

பதில்: பையன் கேட்டது நியாயமான கேள்வி. அதட்டியதோடு விட்டுவிடாதீர்கள். உரிமை நிச்சயம் இருக்கிறது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் டயனைசஸ் அரங்கில் நாடகப் போட்டி நடந்த காலத்திலேயே, பிடிக்காத நாடகத்துக்கு மக்கள் சீறியும், உட்கார்ந்த பலகையைக் குதிகாலால் உதைத்தும் எதிர்ப்பைக் காட்டியிருக்கிறார்கள். ரோம் மன்னன் நீரோ, தான் மேடையேறிப் பாடும்போது கைதட்டுவதற்கென்றே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பழக்கி வைத்திருந்தான் என்று அந்தக் கால ரோம வரலாற்றாசிரியர் சுவிடோனியஸ் எழுதியிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆப்பரா என்னும் இசை நாடக அரங்குகளில் கூலிக்குக் கைதட்டும் கூட்டமே இருந்தது. காசு வாங்கிக்கொண்டு தட்டும் கையைவிட, பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிற ரசிகன் எனக்குப் பெரியவன்.

ஆனால் பையனிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். இது நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தது. ஒரு தவறுக்காகச் சொந்த ரசிகர்களிடமே ஊளை வாங்கிய ஆட்டக்காரர், முதலில் பந்து கேட்டுக் கை தூக்குவதை நிறுத்திவிடுவார். அப்புறம், பந்து வரக்கூடிய இடத்துக்கு ஓடாமல் எதிரணி ஆளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தப்பித்தவறிப் பந்து வந்துவிட்டால், முன்னால் யார் காலியாக நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கோல்கீப்பருக்கே தட்டிவிடுவார். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவார். கேலரியில் உட்கார்ந்து பார்த்தால் சோம்பேறித்தனமாகத் தெரியும். கிட்டே நிற்கிறவனுக்கு அது பயம் என்று தெரியும். அந்தப் பத்து நிமிடம் உங்கள் அணி பத்துப் பேரோடுதான் ஆடுகிறது.

ஓட மறுக்கிறவர், வேண்டுமென்றே காலை வாரிவிடுகிறவர், அடிபடாமலே உருண்டு புரண்டு நடிக்கிறவர், இவர்களைப் பார்த்துக் கத்தினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். முயன்று தவறியவரை விட்டுவிடச் சொல்லுங்கள். 2006 மார்ச்சில் வாங்கடே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் 1 ரன்னில் அவுட்டாகித் திரும்பியபோது, கூட்டத்தில் ஒரு பகுதி அவரையே ஊளையிட்டு அனுப்பியது. அதுவும் அவருடைய சொந்த ஊர் மைதானத்தில். அன்றைக்குக் கத்தியவர்களில் எத்தனை பேர் அதை இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்? மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒருவர் கத்தினால் உடனே எல்லோரும் கத்துகிறார்களே, கூட்டத்தில் சேர்ந்ததும் புத்தி மங்கிவிடுமா? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: "உடனே" என்கிறீர்கள் இல்லையா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்டீவன் கிளேமன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், மேடைப் பேச்சிலும் விவாதத்திலும் பார்வையாளர்கள் எப்படிக் கத்துகிறார்கள் என்பதை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கைதட்டல் பேச்சாளர் வாக்கியத்தை முடித்த கணமே தொடங்கிவிடுகிறது. ஊளை அப்படி வருவதில்லை, கொஞ்சம் தாமதித்துத்தான் வருகிறது. முதலில் முணுமுணுப்பு, தனிக்குரலில் ஒரு சத்தம், பக்கத்தில் இருப்பவர்களின் சலசலப்பு. தன்னைப் போலவே இன்னும் சிலருக்கும் பிடிக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் ஆட்கள் வாயைத் திறக்கிறார்கள். கைதட்ட யாருக்கும் துணை வேண்டாம். ஊளையிடத் துணை வேண்டும்.

மைதானத்தில் நான் கேட்டதும் இதேதான். பெனால்டி இல்லை என்று கையசைத்ததும் முதலில் எழுவது "அய்யோ" என்ற ஏமாற்றச் சத்தம். பிறகு ஒரு விநாடியோ ஒன்றரை விநாடியோ ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கூட்டம் பார்க்கும். அணித் தலைவர் கையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தால் போச்சு, கேலரி மொத்தமும் கிளம்பிவிடும். அவர் திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டால் சத்தம் பாதியிலேயே அடங்கும். ஆக, புத்தி மங்குவதில்லை. அக்கம்பக்கம் பார்த்துத்தான் கத்துகிறோம். அப்படியானால் அக்கம்பக்கம் பார்த்து நிறுத்தவும் முடியும்.

"ஊ" என்ற சத்தத்துக்கு ஒரு சௌகரியமும் உண்டு. உதடு பெரிதாக அசையாது, மூச்சு உள்ள வரை இழுக்கலாம், எந்த மொழிக்காரரும் சேர்ந்துகொள்ளலாம், கத்தியது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. விசிலின் கதை வேறு. சில நாடுகளில் அது பாராட்டு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கேலரி முழுக்க விசில் பறந்தால் அங்கே யாரோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்று பொருள்.

கேள்வி: நான் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறேன். புதிய பாணியில் ஒரு நாடகம் போட்டோம். முடிந்ததும் பின்வரிசையில் இருந்து சிலர் ஊளையிட்டார்கள். இயக்குநர் மனமுடைந்துபோய் முடிவையே மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா? (ஒரு நடிகை)

பதில்: விளையாட்டுக்காரனிடம் நாடகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பார்வையாளனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லோரும் உங்களுக்கு ஆறுதலாக ஒரு பட்டியல் சொல்வார்கள். இத்தாலிய இசையமைப்பாளர் ரொஸ்ஸினியின் 'தி பார்பர் ஆஃப் செவில்' ஆப்பரா 1816 பிப்ரவரியில் ரோமில் முதல் நாள் ஊளையிலேயே மூழ்கியது. மறுநாள் ரொஸ்ஸினி வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்றைக்கு அதே ஆப்பராவைக் கொண்டாடித் தீர்த்தார்கள். அதே நாட்டு இசையமைப்பாளர் புச்சினியின் 'மடாமா பட்டர்ஃபிளை' 1904-இல் மிலான் லா ஸ்காலா அரங்கில் படாத பாடு பட்டது, இன்று உலகமெங்கும் மேடையேறுகிறது. 1913 மே 29 அன்று பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்து நிஜின்ஸ்கி வடிவமைத்த 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' நடனத்துக்கு எழுந்த கூச்சலில், ஆடுகிறவர்களுக்கு இசையே கேட்கவில்லை. நிஜின்ஸ்கி மேடையோரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று தாளக் கணக்கைக் கத்திக்கொண்டிருந்தார்.

இந்தப் பட்டியலை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஊளை வாங்கி, அதற்குத் தகுதியாகவும் இருந்து, காணாமல் போன நாடகங்களை யாரும் பட்டியல் போடுவதில்லை. புச்சினி என்ன செய்தார் என்று பாருங்கள். ஒரே காட்சியோடு ஆப்பராவை நிறுத்தினார். நீண்டு கிடந்த இரண்டாம் அங்கத்தைப் பிரித்தார், வேறு சில இடங்களையும் திருத்தினார். மூன்று மாதம் கழித்து மே மாதம் பிரெஷியா நகரத்தில் மறுபடி மேடையேற்றினார், ஜெயித்தார். அவர் ஊளையைக் கேட்டுப் பயப்படவும் இல்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

அதனால் இயக்குநரிடம் ஒன்று கேளுங்கள். சலசலப்பு முடிவில்தான் தொடங்கியதா, அல்லது அதற்கு அரை மணி நேரம் முன்பே நாற்காலிகள் கிரீச்சிட ஆரம்பித்தனவா? முன்பே என்றால் முடிவில் குற்றம் இல்லை, நடுவில் எங்கோ தொய்வு இருக்கிறது. முடிவில்தான் என்றால், அவர்களைக் கோபப்படுத்துவதுதான் உங்கள் நோக்கமா என்று பாருங்கள். ஆமாம் என்றால் ஒரு வரியைக்கூடத் தொடாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 2006 டிசம்பரில் லா ஸ்காலாவில் 'அய்டா' ஆப்பராவின் முதல் பாட்டு முடிந்ததும் மேல்மாடத்திலிருந்து ஊளை வந்தது. நாயகனாகப் பாடிய ராபர்ட்டோ அலானியா மேடையை விட்டே போய்விட்டார். அடுத்த வரியைப் பாடவேண்டிய பாடகி தனியாக நின்றார். மாற்றுப் பாடகர் அன்டோனெல்லோ பாலோம்பி வேஷம்கூடப் போடாமல், போட்டிருந்த சாதாரண உடையிலேயே ஓடி வந்து பாடினார். அலானியாவின் வலி எனக்குப் புரிகிறது. அப்படியும் அவர் போயிருக்கக் கூடாது. கத்தாமல் கேட்டுக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான பேரையும் சேர்த்தல்லவா அவர் தண்டித்தார்! 1913-இல் பாரிஸில் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' களேபரத்துக்கு நடுவிலும் இசை நடத்துநர் பியர் மாண்ட்டோ கடைசிச் சுரம் வரை நடத்தி முடித்தார். நான் அந்தக் கட்சி.

கேள்வி: கூட்டம் கத்தினால் நடுவர் முடிவு மாறுமா? உண்மையைச் சொல்லுங்கள். (ஒரு வாசகர்)

பதில்: ஊதிவிட்ட முடிவு மாறாது. அடுத்த முடிவுதான் ஆபத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆலன் நெவில் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேருக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த மண் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் சுமார் 15 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அது வெறும் டிவி திரை, வெளியே போகும்போது யாரும் வாசலில் காத்திருக்கப் போவதில்லை. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் காலி மைதானங்களில் ஐரோப்பிய லீக்குகள் நடந்தபோது, வெளியூர் அணிகளுக்குக் காட்டப்பட்ட மஞ்சள் அட்டைகள் குறைந்ததைப் பல ஆய்வுகள் கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றன.

ஊளையின் சத்தம் காதில் கேட்பதற்கு முன்பே பிடரியில் தெரியும். கை விசிலுக்குப் போகும் வேகம் அரை நொடி குறையும், அந்த அரை நொடியில் மனசு சமாதானம் தேடும். அதற்கு மூத்த நடுவர்கள் சொல்லிக் கொடுத்த வழி ஒன்றுதான்: ஊதியதும் கூட்டத்தைப் பார்க்காதே, ஃப்ரீ கிக் எடுக்கும் இடத்தைப் பார்த்து நட. நின்றால் சத்தம் ஏறும், நடந்தால் ஆட்டம் தொடரும்.

கேள்வி: எதிரணியைக் கேலி செய்வதும் விளையாட்டின் ருசிதானே? எல்லை எங்கே? ஹர்திக் பாண்டியாவுக்கு நடந்தது சரியா? (ஒரு கிரிக்கெட் ரசிகர்)

பதில்: ருசிதான். 2013-இல் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டிரெண்ட் பிரிட்ஜ் டெஸ்டில் மட்டையில் பட்ட பந்து கேட்சாகியும் நகராமல் நின்றார், நடுவரும் அவுட் கொடுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலிய ரசிகர்கள் அவரை நாள் முழுக்க வறுத்தெடுத்தார்கள். அவர் முதல் நாளிலேயே 5 விக்கெட் எடுத்துவிட்டு, தன்னைத் திட்டிய செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்திரிகையாளர் சந்திப்புக்கு வந்தார். இரண்டு தரப்பும் அதை ஆட்டமாகவே எடுத்துக்கொண்டது. அங்கே கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் ஒரு செயல்.

எல்லைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். ஊளை எப்போது தொடங்குகிறது? அந்த ஆள் ஏதாவது செய்த பிறகா, பந்து அவர் பக்கம் திரும்பியதுமேவா? அவர் என்ன செய்தாலும் வரும், செய்யாவிட்டாலும் வரும், வாராவாரம் வரும் என்று ஆகிவிட்டால் அங்கே விமர்சனம் முடிந்து வேட்டை தொடங்கிவிட்டது. பிராட் விஷயத்திலும் பெயரைக் கேட்டதுமே கத்தினார்கள்தான். ஆனால் அது ஒரு தொடரோடு நின்றது, அவரும் சிரித்துக்கொண்டே எதிர்கொண்டார். எதிரே இருப்பவர் சிரிப்பை நிறுத்திய பிறகும் தொடர்ந்தால் அதை ருசி என்று என்னால் சொல்ல முடியாது.

பாண்டியா என்ன செய்தார்? 2024 ஐபிஎல் தொடரில் ரோஹித் சர்மாவின் இடத்தில் மும்பை அணியின் தலைவரானார். முடிவெடுத்தது நிர்வாகம். கத்தியது இவரைப் பார்த்து. சொந்த வாங்கடே மைதானத்தில் டாஸ் போட வந்தபோதே ஊளை எழுந்து, தொகுப்பாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் ஒலிபெருக்கியிலேயே கூட்டத்தை ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்லவேண்டி வந்தது. டாஸுக்கு வந்தவர் அப்போது எந்தப் பந்தையும் வீசவில்லை, எந்தக் கேட்சையும் விடவில்லை. ஜூன் 29 அன்று பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவரை அவர் வீசி முடித்தார். ஜூலை 4 அன்று அதே வாங்கடேயில் அதே கேலரிகள் "ஹர்திக் ஹர்திக்" என்று முழங்கின. பலரும் இதை இனிய முடிவு என்றார்கள். எனக்கு அது நெருடுகிறது. அந்த இறுதிப் போட்டி தோற்றிருந்தால்? மனிதனாக நடத்தப்படுவதற்கு ஒருவர் உலகக் கோப்பை ஜெயித்துக் காட்ட வேண்டியிருந்ததே!

ஆடம் கூட்ஸுக்கு அந்த இனிய முடிவும் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஆதிகுடியைச் சேர்ந்தவர், கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் அந்த நாட்டுக் கால்பந்தில் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக 372 ஆட்டம் ஆடியவர், சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இருமுறை வென்றவர். 2013 மே மாதம் மெல்போர்னில் கேலரியிலிருந்து ஒரு குரல் அவரைக் குரங்கு என்றது. கூட்ஸ் ஆட்டத்தை நிறுத்திக் கையை நீட்டிக் காட்டினார். கத்தியது 13 வயதுச் சிறுமி. மறுநாள், அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், அவளுக்குத் துணையாக இருங்கள் என்றுதான் அவர் கேட்டுக்கொண்டார். 2014-இல் நாட்டின் உயரிய கௌரவமான 'ஆண்டின் ஆஸ்திரேலியர்' விருது கிடைத்தது, இனவெறியைப் பற்றித் தொடர்ந்து பேசினார். அதற்குப் பிறகு ஊர் ஊராக, மைதானம் மைதானமாக, பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் ஊளை. 2015-இல் அது உச்சத்துக்குப் போனது. "அவர் ஆடும் விதம் பிடிக்கவில்லை, அதனால்தான் கத்துகிறோம்" என்று பலர் சத்தியம் செய்தார்கள். அதே விதமாகத்தான் அவர் பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஆடிக்கொண்டிருந்தார், அப்போதெல்லாம் பிடித்திருந்தது. அந்த செப்டம்பரில் அவர் ஓய்வு பெற்றார். விடைபெறும் வீரர்கள் இறுதிப் போட்டியன்று மைதானத்தைச் சுற்றி வரும் மரியாதையைக்கூட வேண்டாம் என்றுவிட்டார். 2019-இல் லீக் நிர்வாகமும் 18 கிளப்புகளும் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டன. நாலு வருடம் தாமதம். அந்த ஊளையை நேரத்தோடு நிறுத்தக்கூடிய இடத்தில் இருந்தவர்கள், "ரசிகர் உரிமை" என்று சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: பரிசளிப்பு விழாவில் கத்துவது? (ஒரு பள்ளி ஆசிரியர்)

பதில்: கூடாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் வெள்ளி வென்ற பிரான்ஸின் ரெனோ லாவிலெனி, பதக்க மேடையில் நின்று அழுதார், உள்ளூர்க் கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது. 2018 அமெரிக்க ஓபன் இறுதியில், நடுவர் மீதிருந்த கோபத்தில் கூட்டம் எழுப்பிய ஊளையில், முதல் கிராண்ட்ஸ்லாம் வென்ற நவோமி ஒசாகா தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோற்ற செரீனா வில்லியம்ஸ்தான் "இனி ஊளை வேண்டாம்" என்று கூட்டத்தை அடக்கினார். ஆட்டம் முடிந்த பிறகு திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. அப்போது கத்துவதால் யாருக்கு என்ன பயன்?

கேள்வி: பக்கத்தில் இருப்பவர்கள் எல்லை மீறினால் என்ன செய்வது? சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: வெறும் கேலி என்றால், சண்டை வேண்டாம், எதிர்ச்சத்தம் கொடுங்கள். 2019 உலகக் கோப்பையில் ஓவல் மைதானத்தில், பந்தைச் சேதப்படுத்திய வழக்கில் ஓராண்டுத் தடையை அனுபவித்துவிட்டுத் திரும்பியிருந்த ஸ்டீவ் ஸ்மித்தை இந்திய ரசிகர்கள் ஊளையிட்டார்கள். பேட்டிங் செய்துகொண்டிருந்த விராட் கோலி கேலரியைப் பார்த்து, கைதட்டுங்கள் என்று சைகை காட்டினார். நீங்கள் கோலி இல்லைதான். ஆனாலும் கத்துகிறவர்கள் அக்கம்பக்கம் பார்த்துத்தான் கத்துகிறார்கள் என்று மேலே சொன்னேனே, நாலு பேர் அழுத்தமாகக் கைதட்டினால் அந்த வரிசையில் அது எடுபடும்.

நிறம், இனம், சாதி, மதம் சொல்லிக் கத்தினால் பொறுத்துப்போகாதீர்கள். 2023 மே மாதம் வலென்சியாவில் ரியல் மாட்ரிட் கால்பந்து அணியின் வினிசியஸ் ஜூனியரை இனவெறியோடு கேலி செய்த மூன்று பேருக்கு அடுத்த ஆண்டு ஸ்பெயின் நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. சர்வதேசக் கால்பந்தில் நடுவருக்கு மூன்று படி அதிகாரம் இருக்கிறது: ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்புச் செய்யலாம், அணிகளை உள்ளே அனுப்பிச் சிறிது நேரம் ஒத்திவைக்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடலாம். ஆனால் நடுவரின் காதுக்குக் கேலரியின் சத்தம் ஒரே இரைச்சலாகத்தான் வரும், யார் என்ன சொன்னார் என்று பிரித்துத் தெரியாது. அது தெரிவது உங்களுக்குத்தான். கத்தியவரோடு வாதம் செய்யாமல் எழுந்து போய்ப் பாதுகாப்பு ஊழியரிடம் சொல்லுங்கள். வரிசை எண், இருக்கை எண், மைதானக் கடிகாரத்தில் எந்த நிமிடம், இந்த மூன்றும் போதும். கேமராப் பதிவில் தேடி எடுத்துவிடுவார்கள்.